தொட்டியில் குதித்தவன்

அந்தக் காலத்து எகிப்துக்காரிகள் சேலை முந்தானைக்கு ஊக்கு குத்துவது போலத் தோளில் ஊக்கு குத்திக்கொண்டார்களா என்று எனக்குத் தெரியாது. நாங்கள் குத்திக்கொண்டோம். ரொட்டிக் கொட்டகையில் வேலை பார்க்கும் பெண்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு வெள்ளைத் துணி கொடுத்து, தோளில் ஒரு முடிச்சு, இடுப்பில் ஒரு கயிறு, இதுதான் இன்றைக்கு விழாவுக்கு உடுப்பு என்று மேஸ்திரி சொல்லிவிட்டுப் போனார். கழுத்துக்குப் பொன்னிறத் தாள் ஒட்டிய அட்டை வளையம். அதை மாட்டினால் தாடை மேலே தூக்கிக்கொள்ளும். எதிரில் வருகிறவனை எல்லாம் முறைக்கிற மாதிரியே இருக்கும். எனக்கு அது பொருத்தமாகத்தான் இருந்தது.

"இதைக் கட்டிக்கிட்டு குனிஞ்சு மாவு அள்ளினா மானம் போயிடும்டி," என்றாள் சோடாபுட்டி. தடித்த கண்ணாடி போட்டவள் என்பதால் அந்தப் பெயர். "கண்ணாடியை வேற கழட்டணுமாம். அந்தக் காலத்துல கண்ணாடி கிடையாதாம். அப்ப அடுப்பு எங்க இருக்குன்னு எனக்கு அந்த எகிப்து ராஜா எந்திரிச்சு வந்து காட்டுவாரா?"

எல்லோரும் சிரித்தார்கள். என்னைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டார்கள். மூன்று மாதமாக அப்படித்தான். நான் இருக்கும் இடத்தில் யாரும் வாய்விட்டுச் சிரிப்பதில்லை, ஏதோ நான் சாவு வீட்டிலிருந்து வந்தவள் மாதிரி. என் தம்பி சாகவில்லை. உயிரோடுதான் இருக்கிறான். அதுதான் அவர்களுக்கெல்லாம் சங்கடம்.

நாங்கள் வேலை செய்வது பீர் காய்ச்சும் ஆலையில். முன்பு மற்ற ஆலைகளைப் போல இங்கேயும் பளபளவென்று எஃகுத் தொட்டிகள்தான். இரண்டு வருடத்துக்கு முன் முதலாளிக்கு எங்கிருந்தோ எகிப்து பிடித்துக்கொண்டது. ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன் அங்கே பீர் எப்படிக் காய்ச்சினார்களோ அதே முறையில் நாமும் காய்ச்சலாம், பட்டணத்துப் பணக்காரர்கள் வரிசையில் நின்று வாங்குவார்கள் என்றார். பழைய ஜாதிக் கோதுமை வந்தது. அதை ஊற வைத்து, முளை விட்டதும் அரைத்து, ரொட்டியாகத் தட்டி, மேல் தோல் மட்டும் கருகி உள்ளே மாவு பச்சையாகவே இருக்கும்படி சுட வேண்டும். முழுக்க வெந்துவிட்டால் புளிக்காது. அந்த அரைவேக்காட்டு ரொட்டியைப் பிய்த்துத் தண்ணீரில் போட்டு, பேரீச்சம்பழம் பிசைந்து விட்டு, பெரிய மண் தொட்டியில் நுரைக்க விடுவார்கள். ரொட்டி பெண்கள் வேலை, தொட்டி ஆண்கள் வேலை.

தொட்டிதான் வினை. எஃகுத் தொட்டியை யாரும் உள்ளே இறங்கிக் கழுவ மாட்டார்கள். குழாயைத் திறந்தால் மருந்துத் தண்ணீர் சுழன்று அடித்துத் தானே சுத்தமாகிவிடும். மண்ணில் அது நடக்காது. மண் அந்த மருந்தைக் குடித்துக்கொள்ளும், அடுத்த முறை பீரோடு சேர்த்துக் கக்கும். அதனால் ஒவ்வொரு முறை பீரை வடித்த பிறகும் ஒரு ஆள் ஏணி வைத்து உள்ளே இறங்கி, வெந்நீரும் நார்த் துடைப்பமுமாகத் தேய்க்க வேண்டும். தொட்டி ஒரு ஆள் உயரத்துக்கும் மேல். பீர் நுரைக்கும்போது வரும் காற்று கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் பிடிபடாது, தண்ணீர் மாதிரி அடியில் தேங்கி நிற்கும். அதை மோந்தால் ஆள் சரிந்துவிடுவான். அதற்காகத்தான் பெரிய மின்காற்றாடி ஒன்றை வாயில் வைத்து ஓட விட்டு, பிறகுதான் ஆளை இறக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு நாள், தொட்டி வேலை பார்த்த என் தம்பி மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இறங்கினான். விழுந்தான். வெளியே இழுத்துப் போடும்போது உதடு நீலம் பாய்ந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் கிடந்தான். எழுந்தவன் பழைய தம்பி இல்லை. கை நடுங்குகிறது. பேச்சு இழுக்கிறது. பேசிக்கொண்டே இருப்பான், நடுவில் எதைப் பேசினோம் என்று தேடுவான். விழுந்த நாள் அவன் நினைவிலிருந்து அடியோடு போய்விட்டது. காலையில் சட்டைப் பொத்தான் போட்டது ஞாபகம் இருக்கிறது, அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக் கூரைதான்.

முதலாளி சார்பில் மேஸ்திரி வந்து பார்த்தார். கையில் ஆப்பிள், வாயில் விஷம். "குடிச்சிட்டு இறங்கியிருக்கான்மா. குடிச்சவனுக்கு ஆலை எப்படிப் பொறுப்பாகும்?"

"என் தம்பி குடிக்க மாட்டான்," என்றேன். "இருமல் மருந்து குடிச்சாலே அவனுக்கு மூஞ்சி வீங்கிடும்."

"அக்காவுக்குத் தெரிஞ்சு எவன் குடிக்கிறான்? அவன் கோப்பை ஈரமா இருந்துச்சே. நான்தானே பார்த்தேன்."

கோப்பை விஷயத்தைச் சொல்ல வேண்டும். பெரிய பெரிய கோபுரங்களைக் கட்டிய எகிப்துத் தொழிலாளிகளுக்குக் கூலியே ரொட்டியும் பீரும்தான் என்று முதலாளி எங்கேயோ படித்துவிட்டார். கூலியை உயர்த்தச் சொல்லி எதையாவது படித்திருக்கக் கூடாதா, இதைப் படித்தார். உடனே தொட்டி வேலை ஆண்களுக்கு மதியம் ஆளுக்கொரு மண் கோப்பை பீர் என்று வழக்கம் வைத்தார். கோப்பை ஒவ்வொன்றிலும் ஒரு அடையாளம் கீறியிருக்கும். ஒருவனுக்கு மீன், ஒருவனுக்குச் சீப்பு, ஒருவனுக்குத் தேள். என் தம்பிக்குக் குருவி. குடித்து முடித்துக் கழுவி அவரவர் ஆணியில் மாட்ட வேண்டும். மேஸ்திரி வந்து தொட்டுப் பார்ப்பார். எந்தக் கோப்பை காய்ந்திருக்கிறதோ அந்தப் பங்கு மறுநாள் வராது.

அன்றைக்குக் குருவிக் கோப்பை ஈரமாக இருந்தது. போதாதா? அவன் சட்டையெல்லாம் பீர் நாற்றம் என்றார்கள். தொட்டி அடி வண்டலில் முகம் குப்புற விழுந்தவன் மேல் பீர் நாறாமல் மல்லிகைப் பூவா மணக்கும்?

ஆனால் அந்த ஈரத்துக்கு என்னிடம் பதில் இல்லை. கூட வேலை பார்த்த ஆண்களைக் கேட்டேன். "நாங்க கவனிக்கலக்கா," என்றார்கள். ஒருவன் விடாமல் எல்லோரும் அதே வார்த்தை, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பது போல.

தம்பி பெண்டாட்டி வீட்டில் சட்டை தைத்துக் கொடுப்பவள். அவள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலாம். அவனுக்குச் சோறு போடுவாள், மாத்திரை எடுத்துக் கொடுப்பாள், அவனோடு பேச மாட்டாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் தைத்த சட்டைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைக் கத்தரித்துக் கொடுப்பான். இரண்டு பேருக்கும் நடுவே தையல் மெஷின் மட்டும் பேசிக்கொண்டிருக்கும்.

விழா அன்று காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது தம்பி கேட்டான்: "அக்கா... ஒருவேளை நான் குடிச்சிருப்பேனோ?"

"என்னடா பேசற?"

"எனக்குத்தான் ஞாபகம் இல்லையே. எல்லாரும் சொல்றாங்க. இத்தனை பேரு சொன்னா... குடிச்சிருப்பேன் போல இருக்கு."

மெஷின் ஒரு நொடி நின்றது, மறுபடி ஓடியது.

எனக்கு அவனை அறைய வேண்டும் போல இருந்தது. அவனை அல்ல. அவன் வாயில் அந்த வார்த்தையை வைத்தவர்களை. அவன் கையைக் கெடுத்தார்கள், நாக்கைக் கெடுத்தார்கள், சரி. இப்போது அவனுக்குள்ளேயே புகுந்து அவனைப் பற்றி அவனிடமே கோள் சொல்கிறார்கள். அவன் குடிக்கவில்லை என்று அவனுக்கே காட்ட என் கையில் ஒரு துரும்பு கூட இல்லை. அந்த எரிச்சலோடுதான் அன்றைக்கு அட்டை வளையத்தை மாட்டிக்கொண்டேன்.

ருசி பார்க்கும் விழா ஆலை முற்றத்தில். மேசைக்கெல்லாம் மணல் நிறத் துணி விரித்திருந்தார்கள். வந்தவர்கள் கடை வைத்திருப்பவர்கள், ஓட்டல் நடத்துகிறவர்கள், பத்திரிகைக்காரர்கள். சிறு சிறு கண்ணாடிக் குவளையில் ஊற்றிக் கொடுத்தால் முதலில் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார்கள். பிறகு மூக்கை உள்ளே விடுகிறார்கள். பிறகு வாய் நிறைய வைத்துக்கொண்டு கொப்பளிக்கிறார்கள். பல் வலிக்காரர்கள் கூட்டமாகக் கூடிய மாதிரி இருந்தது.

"பழைய லைப்ரரி வாசனை வருது," என்றார் ஒரு தாடிக்காரர், கண்ணை மூடிக்கொண்டு.

"எனக்குப் பாலைவனமே தெரியுது," என்றாள் பக்கத்தில் நின்ற பெண்.

சோடாபுட்டி என் காதில், "எனக்குக் கண்ணாடி இல்லாம எதிர்ல இருக்கற சுவரே தெரியல. இவளுக்குப் பாலைவனம் தெரியுதாம், கொடுத்து வச்சவ," என்றாள்.

நாங்கள் ரொட்டிக் கூடையோடு முன்வரிசை. எங்கள் முதுகுக்குப் பின்னால் தொட்டி ஆண்கள். இடுப்பில் வெள்ளைத் துணி, கழுத்தில் அதே அட்டை வளையம், மேலுக்கு வேறொன்றுமில்லை, உடம்பில் எண்ணெய் தடவி விட்டிருந்தார்கள். அவர்களில் குட்டை தனியாகத் தெரிந்தான். ஆள் ஆறடிக்கும் மேல், அதனால்தான் குட்டை என்று பெயர். அவனுக்குக் கொடுத்த துணி முழங்காலைக் கூடத் தொடவில்லை. கூச்சத்தில் ஒரு கையால் முன்பக்கத்தையும் ஒரு கையால் பின்பக்கத்தையும் இழுத்துக்கொண்டே நின்றான். அவன்தான் மூச்சை அடக்கிக்கொண்டு இறங்கி, என் தம்பியைத் தொட்டியிலிருந்து தோளில் போட்டு ஏறியவன். அதனால் மற்றவர்கள் மீது இருந்த அளவுக்கு அவன் மீது எனக்குக் கோபமில்லை. அதுவரைக்கும்.

முதலாளி ஒலிபெருக்கியைப் பிடித்தார். பழைய நாகரிகம், நைல் நதி, பெண்கள்தான் முதல் பீரைக் காய்ச்சினார்கள், இன்னும் என்னென்னவோ. அதன் பிறகு ஒரு புட்டியை மூடியிருந்த துணியை இழுத்தார். எல்லோரும் கைதட்டினார்கள்.

புட்டியில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தேன். ஒரு பெரிய மண் தொட்டி. அதன் வாயிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தன. சுற்றிலும் நுரை. கீழே பெரிய எழுத்து. எழுத்துக் கூட்டிப் படித்தேன். தொட்டியில் குதித்தவன்.

"இந்தப் பேருக்கு ஒரு கதை இருக்கு," என்றார் முதலாளி. குரலில் அப்படி ஒரு குதூகலம். "நிஜமாவே நடந்தது. நம்ம தொழிலாளி ஒருத்தர். மதியம் கொடுத்த கோப்பை போதல. இன்னும் வேணும்னு கேட்க வெட்கம். என்ன பண்ணினார் தெரியுமா? நேரா தொட்டிக்குள்ளயே குதிச்சிட்டார்! அவ்வளவு ருசி, சார், அவ்வளவு ருசி!"

முற்றமே சிரித்தது. தாடிக்காரர் சிரித்ததில் பீர் மூக்கில் ஏறி இருமினார்.

என் கை கூடையின் ஓரத்தைப் பிடித்திருந்தது. பிரம்பு நறுக்கென்று முறிந்தது, அது கூட எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒரு மனிதன் மூச்சு முட்டி விழுந்ததை எடுத்துப் படமாக வரைந்து, பசை தடவிப் புட்டியில் ஒட்டி, விற்கப் போகிறார்கள். குடிக்கிற ஒவ்வொருவனும் அவன் காலைப் பிடித்துத்தான் புட்டியைத் தூக்குவான்.

அப்போது தட்டில் வரிசையாக மண் கோப்பைகள் வந்தன. மீன், சீப்பு, தேள் எல்லாம். நுரை ததும்ப ஊற்றி வைத்திருந்தார்கள். ஆண்கள் ஆளுக்கொன்று எடுத்து விருந்தாளிகளோடு சேர்ந்து குடிப்பது போலப் படம் எடுக்க வேண்டுமாம். குருவிக் கோப்பையும் அதில் இருந்தது. என் முதுகுக்குப் பின்னால் ஒருவன், பழக்க தோஷம், மெதுவாகக் கேட்டான்:

"இன்னைக்குக் குருவி யாருக்குடா?"

"எனக்குடா. போன தடவையே..." என்று ஆரம்பித்த இன்னொருவன் அங்கேயே நிறுத்திக்கொண்டான். யாரோ அவனை இடித்திருக்க வேண்டும். பின்னால் எல்லாக் குரலும் ஒரேயடியாக அடங்கியது.

எனக்கு உடனே புரியவில்லை. காதில் விழுந்தது, உள்ளே இறங்கவில்லை. அதற்குள் முதலாளி தட்டிலிருந்து குருவிக் கோப்பையை எடுத்து உயரப் பிடித்தார்.

"நம்ம குதிச்சவரோட கோப்பை இதுதான்! இதில முதல் வாய் யாருக்கு? அந்தக் காலத்து முறைப்படி, ரொட்டி சுட்ட பெண்ணுக்கு!" என்று பக்கத்தில் நின்ற என் கையில் திணித்தார்.

நான் யார் என்று அவருக்குத் தெரியாது. இத்தனை வருடம் அவர் அடுப்பில் வெந்தவள், அவருக்கு நான் கூடை வைத்திருக்கும் ஒரு கை. தூணருகே நின்ற மேஸ்திரிக்குத் தெரியும். அவர் முகம் வெளுத்து, வேண்டாம் வேண்டாம் என்று முதலாளியைப் பார்த்துக் கையாட்டினார். முதலாளி அதை உற்சாகம் என்று எடுத்துக்கொண்டு பதிலுக்குக் கையாட்டினார்.

குடித்தேன்.

அதுவரை நான் அதை ருசித்ததில்லை. முதலில் நாக்கின் ஓரத்தில் ஒரு புளிப்பு, மூடி வைத்த மாவை மறுநாள் திறந்தால் வருமே, அது. பிறகு ரொட்டித் தோலின் கருகல். எந்தச் சூட்டில் எத்தனை நேரம் விட்டால் அந்தக் கருகல் வரும் என்று என் விரல் நுனிக்குத் தெரியும், சூடு பட்டுச் சூடு பட்டுத் தெரிந்துகொண்டது. கடைசியில் தொண்டையில் பேரீச்சம்பழத்தின் தித்திப்பு, புதுப் பானைத் தண்ணீரின் குளிர்ச்சி. நன்றாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், மிக நன்றாக இருந்தது. நாறியிருந்தால், காறித் துப்பும்படி இருந்திருந்தால், எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். எங்கள் கை இவ்வளவு நல்ல ஒன்றைச் செய்திருக்கிறது, அதன் மேல் இந்த மனிதன் இப்படி ஒரு படத்தை ஒட்டியிருக்கிறான்.

"எப்படிம்மா இருக்கு?" என்று ஒலிபெருக்கியை என் வாயருகே நீட்டினார்.

"நல்லா இருக்கு," என்றேன். என் குரல் முற்றத்தின் நாலு மூலையிலும் கேட்டது. "இது என் தம்பியோட கோப்பை. அவன் குதிக்கல. அவன் குடிக்கவே மாட்டான். கெட்ட காத்து அடிச்சு விழுந்தான். மூணு மாசமா கையும் வாயும் விளங்காம கிடக்கறான். அவன் காலைத்தான் நீங்க புட்டியில ஒட்டியிருக்கீங்க."

தாடிக்காரர் கைதட்டினார். பாலைவனம் தெரிந்த பெண்ணும் தட்டினாள். "அருமை! நாடகமும் உண்டா?" என்றார் யாரோ.

நாடகம்! நான் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு நிற்கிறேன், அவர்களைச் சொல்லி என்ன. முதலாளி கூடச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார். இவர்களிடம் பேசிப் பயனில்லை. அந்தக் கைதட்டலுக்கு நடுவேதான் சற்று முன் காதில் விழுந்தது எனக்குள் இறங்கியது. இன்னைக்குக் குருவி யாருக்குடா.

திரும்பினேன்.

"டேய். இன்னைக்குக் குருவி யாருக்குன்னு எவன்டா கேட்டது?"

எண்ணெய் தடவிய மார்புகள் வரிசையாக நின்றன. ஒரு முகமும் என்னைப் பார்க்கவில்லை.

"அவன் குடிக்க மாட்டான்னு உங்களுக்குத் தெரியும். தினமும் அவன் பங்கு யார் வயித்துக்குப் போச்சு? அன்னைக்கு யார் வயித்துக்குப் போச்சு? கோப்பை தானா ஈரமாச்சா? குருவி பறந்து போய்க் குளிச்சிட்டு வந்துச்சா? சொல்லுங்கடா!"

"ஏம்மா, இதை அப்புறம்..." என்று மேஸ்திரி ஓடி வந்தார்.

"நீங்க நில்லுங்க அங்கயே," என்றேன். நின்றார்.

குட்டை துணியை இழுப்பதை விட்டுவிட்டான். இரண்டு கையும் தொங்கியது. அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து எலிக் குரல் வந்தது.

"முறை வச்சுக் குடிப்போம்க்கா. அவன் பங்கு வீணாப் போகக் கூடாதுன்னு. காஞ்சிருந்தா நிறுத்திடுவாங்கல்ல... அதனால அவன் கோப்பையிலயே குடிச்சு, கழுவி, அவன் ஆணியிலயே மாட்டிடுவோம்."

"அன்னைக்கு?"

"அன்னைக்கு என் முறைக்கா."

மேஸ்திரி "டேய்!" என்றார்.

"காத்தாடியும் இல்லக்கா," என்றான் குட்டை. ஆரம்பித்தவனால் நிறுத்த முடியவில்லை. "படம் எடுக்க ஒரு பொண்ணு வந்திருந்துச்சு, இந்த மாதிரி டிரெஸ் போட்டுக்கிட்டு. துணி பறக்கணும்னு காத்தாடிய முற்றத்துக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க. அது வரட்டும்னு தம்பி சொன்னான். நேரமாச்சு, இறங்குன்னாங்க. இறங்கிட்டான்."

இந்த முறை யாரும் கைதட்டவில்லை. ஒருவர் கையிலிருந்த குவளையை மேசையில் வைத்தார். இன்னொருவர் கைபேசியைத் தூக்கிப் பிடித்தார். முதலாளி ஒலிபெருக்கியை என் பக்கமிருந்து வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். அந்த ஆளுக்கு மூளை வேகம், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

"ரொம்ப வருத்தமான விஷயம்," என்றார். குரலே மாறிவிட்டது, மெத்தை போல. "உள்ளே பேசி என்ன செய்யணுமோ செய்வோம். இப்ப அந்தத் தம்பி சீக்கிரமே குணமாக, நாம எல்லாரும் ஒரு தடவை குவளையைத் தூக்குவோம்."

தூக்கினார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், தூக்கினார்கள். சிலர் வருத்தமாக முகத்தை வைத்துக்கொண்டு தூக்கினார்கள். என் தம்பிக்காகக் குடித்தார்கள்.

எனக்கு அந்த முற்றத்தில் யாரிடமும் இனி ஒரு வார்த்தை மிச்சமில்லை. குருவிக் கோப்பையை மேசையில் வைத்தேன். குட்டையின் அட்டை வளையத்தைப் பிடித்தேன்.

"வாடா."

"எங்கக்கா?"

"வீட்டுக்கு. இங்க சொன்னது போதும். சொல்ல வேண்டியவன்கிட்ட வந்து சொல்லு."

"அக்கா, சட்டை மாத்திக்கிட்டு..."

"மூணு மாசம் டைம் இருந்துச்சில்ல? அப்ப மாத்தியிருக்கணும்."

வாசல்காரர் ஏதோ கேட்டார், நான் நிற்கவில்லை. கடைத்தெரு வழியாகத்தான் போனோம். எண்ணெய் பூசிய ஆறடி ஆள், முழங்காலுக்கு மேல் வெள்ளைத் துணி, கழுத்தில் பொன் வளையம், அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு அதே கோலத்தில் நான். சைக்கிள் கடைக்காரன் பம்பு அடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தான். "என்னக்கா, சினிமாவா?" என்றான் ஒருவன். "ஆமா, நீதான் பாக்கி, வர்றியா?" என்றேன். வழிவிட்டான். குட்டை வழி நெடுக மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தான்.

வீட்டில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தம்பி கத்தரிக்கோலும் சட்டையுமாகத் தரையில் இருந்தான். எங்களைப் பார்த்து வாயைத் திறந்தான்.

"உட்காரு," என்றேன் குட்டையிடம். "அன்னைக்கு நடந்ததை முதல்ல இருந்து சொல்லு. அவனுக்கு ஞாபகம் இல்லாத நாளு அது. ஒண்ணு விடாம சொல்லு."

குட்டை சம்மணம் போட்டு உட்கார்ந்தான். துணி இடம் கொடுக்கவில்லை, தைத்து வைத்த சட்டை ஒன்றை எடுத்து மடியில் போட்டுக்கொண்டான். சொன்னான். காலையில் மழைத் தூறல் இருந்ததை, தம்பி தாமதமாக வந்து திட்டு வாங்கியதை, மதியம் சாப்பாட்டுத் தூக்கில் இருந்த பாதியை அவன் குட்டைக்குக் கொடுத்ததை.

"கோப்பையை?" என்றான் தம்பி.

"அதையும் எனக்குத்தான் கொடுத்த. என் முறைல்ல. நீ குழாய்ல வாய் வச்சுத் தண்ணி குடிச்ச. சட்டையெல்லாம் நனைஞ்சிடுச்சுன்னு சிரிச்ச."

"நான் குடிக்கல."

"தண்ணிதான் குடிச்ச. ஒரு சொட்டு கூட அது இல்ல. எங்க அம்மா மேல சத்தியம்."

மெஷின் நின்றுவிட்டது. தம்பி பெண்டாட்டியின் கால் மிதிப்பலகையில் அப்படியே இருந்தது.

தம்பி குட்டையின் முகத்தைப் பார்த்தான். அவன் அழப் போகிறான் என்று நினைத்தேன். அவன் அழவில்லை. கத்தரிக்கோலைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தான். பிடிமானம் இல்லாமல், சுவரைத் தொடாமல் எழுந்தான்.

"மூணு மாசம்," என்றான். "மூணு மாசமா நான் என் கையை என் வாயில பொத்தி ஊதி ஊதி மோந்து பாக்கறேன்டா! தெரியுமா உனக்கு? காலையில எழுந்து மோந்து பாக்கறேன். அவ முகத்தை நிமிந்து பாக்க முடியல என்னால. உனக்குத் தெரியும். எல்லாப் பயலுக்கும் தெரியும்!"

இழுக்கவே இல்லை. அவன் பேச்சு ஒரு இடத்திலும் இழுக்கவில்லை. நடுங்கும் கையாலேயே குட்டையின் கழுத்து வளையத்தைப் பிடித்துக் கிழித்தான். தோளில் குத்தினான், மார்பில் குத்தினான். ஒரு குழந்தையின் பலம் கூட இல்லாத குத்து. குட்டை தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டான். தம்பி பெண்டாட்டி பதறி எழுந்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

"விடு. அடிக்கட்டும்."

"அவருக்கு மூச்சு வாங்குதுக்கா!"

"வாங்கட்டும். இந்தக் கோபம் மூணு மாசமா எங்கயோ தொலைஞ்சு கிடந்துச்சு. வரட்டும்."

அவன் களைத்து மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றான். மார்பு ஏறி இறங்கியது. முகம் சிவந்திருந்தது. விழுந்த நாளிலிருந்து அந்த முகத்தில் நான் பார்த்த முதல் நிறம் அது.

"காத்தாடிய எடுத்துட்டுப் போகச் சொன்னது யாரு?" என்று கேட்டான்.

"மேஸ்திரி."

"மேஸ்திரிக்குச் சொன்னது?"

"முதலாளி. நான் பக்கத்துலதான் நின்னேன்."

"அவங்க கூட்டம் முடிஞ்சிடுச்சா?"

"இல்லை," என்றேன் நான். "இன்னும் உன் உடம்பு குணமாகக் குடிச்சிக்கிட்டிருக்காங்க."

அவன் வாசலைப் பார்த்தான். பிறகு தன் கால்களைப் பார்த்தான், அவ்வளவு தூரம் தாங்குமா என்று கேட்பது போல. குட்டை எழுந்து நின்று, "நான் தூக்கிட்டுப் போறேன்டா," என்றான். "ஒரு தடவை தூக்கியிருக்கேன்ல."

"தொடாத என்னை. நான் நடந்தே வருவேன். நீ முன்னால நட. அங்க வந்து எல்லார் முன்னாலயும் எனக்கு இப்ப சொன்னதைச் சொல்லணும், ஒண்ணு விடாம."

தம்பி பெண்டாட்டி மூலையிலிருந்து அவன் செருப்பை எடுத்து வந்து காலடியில் வைத்தாள். மெஷினுக்கு உறையைப் போட்டாள். தலையை அள்ளி முடிந்துகொண்டாள். மூன்று மாதத்துக்குப் பிறகு புருஷன் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"மெதுவாப் போடுங்க. நானும் வர்றேன். எனக்கும் கேக்க நிறைய இருக்கு."